ஏழாவது பாட்டுக்கு ஓர் ஆட்சேபம்

1

ஒரு பாடலின் பதிவுக்கு யாராவது ஆட்சேபம் தெரிவித்தால், அது கிடைத்த நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் எடுத்த முடிவை இரு தரப்புக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நான் வாழும் இந்த நாட்டில் பாடலாசிரியர்களின் உரிமைகளைப் பதிந்து வைக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் விதிப்புத்தகத்தில் உள்ளது இது. உட்பிரிவு கிடையாது. 'கூடுமானவரை' என்ற வழுக்கல் சொல்லும் கிடையாது. எனக்குப் பதில் வர ஏறக்குறைய பதினோரு மாதம் ஆயிற்று.

முப்பத்திரண்டு வருடம் ரோட்டர்டாம் துறைமுகத்தில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மூட்டை மஞ்சள் இறங்கவேண்டுமானாலும் அதன் காகிதம் என் மேசையைத் தாண்டியாக வேண்டும். கையெழுத்து ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தால் கப்பலே வெளியே நின்றிருக்கிறது. இன்றைக்கும் எங்கள் அடுக்குமாடியில் துருக்கிக்காரர், மொராக்கோக்காரர், ஏன், டச்சுக்காரர்களே கூட, வரிப் படிவத்தை எடுத்துக்கொண்டு என் கதவைத்தான் தட்டுகிறார்கள். பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால் விவசாயி மகனுக்கு இது பெரிய மரியாதைதான்.

மேற்படி ஆட்சேபத்தைக் கொடுத்தவன் நான். பாடலைப் பதிந்தவள் என் மகள் செல்வி.

2

செல்வி ஜாஸ் பாடகி. ஊரில் இதைச் சொல்வது சுலபமில்லை. நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் என் பெரியப்பா மகனிடம் போனில் ஒருமுறை விளக்கப் பார்த்தேன். "சினிமாவுல பாடறாளுங்களா?" என்றான். இல்லை, கச்சேரி மாதிரி, ஆனால் ஒரே பாட்டை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிப் பாடுவார்கள் என்றேன். "அப்ப ஒரு நாளுமே சரியாப் பாட மாட்டாங்களா?" என்று கேட்டான். என் மனதில் இருந்ததும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

சட்டப் படிப்பில் இரண்டாம் வருடம் நடந்துகொண்டிருந்தபோது விட்டுவிட்டாள். விலகல் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவள் தப்பாக நிரப்பியிருந்தாள். பிறகு இசைக் கல்லூரி. பிறகு நிலவறை மதுக்கூடங்கள். காபி இயந்திரம் சீறுகிற சத்தத்துக்கு மேல் பாடிப் பாடி அவள் குரலின் அடிப்பகுதி கரகரத்துப் போனது. அந்தக் கரகரப்பைத்தான் பிற்பாடு பத்திரிகையில் புகழ்ந்தார்கள்.

முதல் இசைத்தட்டு முழுக்க ஆங்கிலம், எல்லாம் பிறர் எழுதியவை. இரண்டாவதில் அவளே எழுதினாள், டச்சு மொழியில். டிராமில் தினமும் எதிரே உட்காரும் பெண்மணி, விவாகரத்தான பக்கத்து வீட்டுக்காரர் நாய்க்கு மட்டும் பிறந்தநாள் கொண்டாடுவது, இப்படி. அதில் ஒரு பாட்டை வானொலியில் போட்டார்கள். பெல்ஜியம், டென்மார்க், ஜெர்மனியின் சின்ன ஊர்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு விமர்சகர் 'கிழக்கிலிருந்து வந்த குரல்' என்று எழுதினார். அவள் பிறந்தது ரோட்டர்டாமின் தெற்குப் பகுதி மருத்துவமனையில். "அப்பா, இந்த ஆளுக்கு எதுங்க கிழக்கு?" என்று கேட்டாள். அவள் தமிழில் இந்த 'ங்க' எப்போதும் உண்டு. என் மனைவி கமலம் எடப்பாடிக்காரி, தறி வீட்டுப் பெண். அவளிடம் கற்ற தமிழ்தான் உலகத் தமிழ் என்று செல்வி ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

கமலம் மகளின் எந்த நிகழ்ச்சியையும் விட்டதில்லை. நான் ஒருமுறை போனேன். பாட்டுக்கு நடுவே செல்வி கூட்டத்திடம் பேசினாள். "எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்டவும் இரண்டு பிரதியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்" என்றாள். நாற்பது நாற்காலியும் சிரித்தது. இடைவேளையில் டிராம் நேரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "டிராம் கிடைச்சுதுங்களா?"

3

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆனி மாதம் என் தங்கை நல்லம்மாள் பரமத்தி வேலூரிலிருந்து கூப்பிட்டாள். அப்பா இறந்துவிட்டார்.

இந்தியக் குடியுரிமையை விட்டவர்களுக்கு இந்திய அரசு ஓர் அட்டை தருகிறது. அதைக் காட்டினால் விசா வேண்டியதில்லை. என் அட்டையில் இருந்தது பழைய பாஸ்போர்ட்டின் எண். புதிய பாஸ்போர்ட் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எண்ணை மாற்ற அன்றைக்கே விண்ணப்பித்தேன். 'அவசரம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். பிறகு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் செல்வி தோளில் பையோடு வந்து நின்றாள்.

"கிளம்புங்கப்பா."

"எண் பொருந்தாது."

"ரெண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க. கேட்டா காட்டலாம்."

"கேட்டால் காட்டலாம் என்பது விதி இல்லை, செல்வி."

"தாத்தா ஐஸ் பெட்டியில இருக்காருங்கப்பா."

நான் எழவில்லை. கமலத்துக்கு முழங்கால் அறுவை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவளாலும் எழ முடியவில்லை. செல்வி மட்டும் போனாள். ஒன்றரை நாள் பார்த்துவிட்டுப் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நான்காம் நாள் என் அட்டை விஷயமாக இந்தியத் தூதரகத்துக்குப் போயிருந்தபோது கவுண்டரில் இருந்தவர், "ரெண்டு பாஸ்போர்ட்டும் கையில இருந்தா நீங்க போயிருக்கலாமே சார்" என்றார். அப்படிச் சொல்லும் சுற்றறிக்கையை நான் முன்பே படித்திருந்தேன். சுற்றறிக்கை விதியாகுமா என்ற சந்தேகத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வேறு யாருக்கும் வந்திருக்காத சந்தேகம் அது. என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கிடைத்த பலன்.

அடுத்த வாரமே திருத்திய அட்டை வந்தது. அதை வைத்துக்கொண்டும் நான் போகவில்லை. காரியத்துக்குப் போகவில்லை, வருட திதிக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு வேறு வேறு காரணம் சொன்னேன். எல்லாமே நம்பும்படி இருந்தன.

4

போன வருடம் ஏப்ரலில் செல்வி தன் மூன்றாவது இசைத்தட்டின் பத்துப் பாட்டுகளையும் வெளியாகும் முன்பே எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "ஏழாவதை மட்டுமாவது கேளுங்கப்பா. கேட்டுட்டுப் பேசுங்க."

மதியம் சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். பெரிய பாஸ் தந்திக் கருவி ஒன்று ஒற்றை ஒற்றையாக நடந்தது. முரசில் குச்சிக்குப் பதிலாகத் தூரிகை வைத்து யாரோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி டச்சு மொழியில், ஒரு கவுண்டர் முன்னால் எண்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரைப் பற்றிப் பாடினாள். எண் வருகிறது, அவர் போகவில்லை, அடுத்தவரை அனுப்பிவிட்டு மறுபடி நிற்கிறார். பிறகு வாத்தியங்கள் எல்லாம் நின்றன. வெறும் குரலில், தமிழில், என் தங்கையின் ராகத்தில்:

காயிதம் படிச்ச மகன்
கடலுக்கு அந்தாண்டெ
கையெழுத்துக் காத்திருக்கான்
கட்டை வேகப் போகுதப்பா

நல்லம்மாள் எழவு வீட்டில் பாடிய ஒப்பாரி. வராத மகனை ஏசிப் பாடியது. பக்கத்து ஊர் எழவுக்கெல்லாம் அவளைக் கூப்பிடுவார்கள், அத்தனை கெட்டிக்காரி. ஏச்சிலும் எதுகை தவறாது. அதை என் மகள் அங்கே உட்கார்ந்து கேட்டு, சுமந்து வந்து, இந்த ஊரில் நாற்பது நாற்காலிகளுக்கு முன்னால் பாடப்போகிறாள். சொல் அவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும். பாட்டு நாற்பது பேருக்கா, ஒருவருக்கா என்று நான் யோசிக்கவில்லை.

அவளுக்குப் பதில் எழுதவில்லை. மறுநாள் காலை சங்கத்தின் ஆட்சேபப் படிவத்தை இறக்கி நிரப்பினேன். 'காரணம்' என்ற இடத்தில், மேற்படி பாடலின் நான்கு வரிகளும் மெட்டும் பரமத்தி வேலூரில் வசிக்கும் என் தங்கைக்குச் சொந்தமானவை, பதிவு செய்தவர் அதை மறைத்திருக்கிறார் என்று எழுதினேன். எழுதும்போது, கிராமத்துப் பெண்ணின் உரிமையைக் காக்கிறோம் என்று எனக்குக் கண் கூடக் கலங்கியது. படிவங்களுக்கு அந்தச் சக்தி உண்டு. எந்தக் காரணத்தையும் கௌரவமாக்கிவிடும்.

தேதி, ஏப்ரல் பதினாறு.

அதற்குப் பிறகு செல்வி என்னைக் கூப்பிடவில்லை. நான் நூலகத்துக்குப் போகும் நேரம் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் கழுவிக் கவிழ்த்த இரண்டு காபி டம்ளர்கள் இருக்கும்.

5

இசைத்தட்டு அக்டோபரில் வெளிவந்தது. கமலம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல ஒம்போது பாட்டுத்தான் இருக்குது. புள்ள பத்துன்னு தானுங்க சொன்னா?"

நான் செய்தித்தாளை மடித்தேன்.

"ஏன் கொறையுதுன்னு கேட்டா, சும்மா தாம்மாங்கறா. நீங்க என்னமோ பண்ணிப்போட்டீங்க."

"ஆட்சேபம் குடுத்தேன்."

"ஆரு மேல?"

"பாட்டு மேல."

"பாட்டு மேலயா, புள்ள மேலயா?"

"நல்லம்மாளோட உரிமை. சட்டப்படி பார்த்தா..."

"சட்டத்த அக்கட்ட வையுங்க. உங்கள ஏசறது இருக்குதா அதுல?"

மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்தேன்.

"கையெழுத்துக் காத்திருக்கான், அதானுங்களே? எழவு முடிஞ்ச பத்தாம் நாளே நல்லம்மா எங்கிட்டப் பாடியே காட்டிட்டா. நான் சொன்னனுங்களா? மூணு வருசமா வாயத் தொறந்தனா?" முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு பாட்டுக்காக ஒரு வருசம் அலைஞ்சிருக்கறா அவ. அந்தத் தாளம் அடிக்கறவன் கூட, இதுதான் உன்ற வாழ்க்கையிலயே நல்ல பாட்டுன்னானாம். நீங்க அதுக்குப் போயிப் பூட்டுப் போட்டு வெச்சிருக்கறீங்க."

அன்றைக்கு ராகி களி கிண்டினாள். எனக்கு அது பிடிக்காது.

ஆட்சேபம் நிலுவையில் இருப்பதால் பாட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அதாவது, புரிந்ததாக நினைத்தேன்.

6

நவம்பரில் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முடிவு அல்ல. நான் உரிமையாளர் என்று குறிப்பிட்ட பெண்மணியின் வாக்குமூலம் வேண்டுமாம். ஆகவே நல்லம்மாளைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கண்ணா, மூணு வருசத்துல நீங்களாக் கூப்பிடறது இதானுங்க மொதத் தடவை. ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள், இருமும் அளவுக்கு.

"ஒப்பாரிக்குப் பட்டா வாங்கோணுமா? ஏனுங்கண்ணா, அங்கெல்லாம் எழவு உழுந்தா மொதல்ல ஆபீசுக்குத்தான் போவீங்களாட்ட இருக்குது."

"நீ பாடினதைச் செல்வி உன்னைக் கேட்காம எடுத்துக்கிட்டாளா?"

"கேக்காம என்னுங்க? காரியம் முடியற வரைக்கும் இங்கதானுங்க இருந்துச்சு புள்ள. அத்தை, இத நான் பாடட்டுங்களான்னு கேட்டுச்சு. எழவுப் பாட்ட நல்லாருக்கற ஊட்டுல பாடக் கூடாது சாமின்னு சொன்னேன். நான் பாடற எடம் ஊடு இல்லீங்கத்தை, பூமிக்கு அடியில இருக்கற சாராயக் கடைன்னுச்சு. அப்பச் சேரி, பாடிக்கோன்னேன்." மறுபடி சிரித்தாள். "அப்பறம் போன மாசிக்கு ஒரு காயிதம் அனுப்புச்சு. உங்க பேரும் போடறனுங்கத்தை, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கன்னு. போட்டு அனுப்பிச்சேன்."

"உன் பேரையா?"

"பின்ன, உங்க பேரையா போடும்?"

சங்கத்தில் நகல் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. கேட்டேன், மூன்றே நாளில் அனுப்பினார்கள். செல்வியின் பதிவு விண்ணப்பத்தின் மூன்றாம் இணைப்பில் எல்லாம் இருந்தது. தமிழ் வரிகளும் மெட்டும்: நல்லம்மாள், பரமத்தி வேலூர். கீழே ஐந்தாம் வகுப்புப் படித்த தமிழில் என் தங்கையின் கையெழுத்து. முப்பத்திரண்டு வருடம் இணைப்பைப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் இறக்க விடாதவன், மகளின் விண்ணப்பத்தில் இணைப்பு உண்டா என்று கேட்கக்கூட இல்லை.

போனை வைக்கும் முன் நல்லம்மாள் சொன்ன ஒன்றை எழுதியாக வேண்டும்.

"ஆனா அந்தப் புள்ள பாடறது முழுசு இல்லீங்கண்ணா. வராதவன ஏசறது முன்பாதி. அவன் வந்து உக்காந்ததுக்கு அப்பறம் பாடறது பின்பாதி. நீங்கதான் வரவே இல்லியே. நாலு அடி எங்கிட்டயே கெடக்குது. நீங்க பாட்டுக்கு மேல கேசு போடறீங்க, பாட்டு இன்னும் முடியவே இல்லீங்க."

7

தை மாதம் போனேன். அட்டையில் எல்லா எண்ணும் பொருந்தியிருந்தது. மூன்று வருடமாகவே பொருந்தித்தான் இருந்தது.

நாமக்கல்லில் இறங்கி வேலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் என் செருப்பைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் பேசினார். பரமத்தி தாண்டியதும் காற்றில் ஈரம் தட்டியது. கொடிக்கால்கள் சில வாழையாகவும், சில கல்யாண மண்டபமாகவும் மாறியிருந்தன. அதைப் பற்றி வருத்தப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. என் பங்கை நான் விற்றது முதல் ஆளாக.

நல்லம்மாள் வாசலில் இரண்டு பெண்களோடு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. துக்கத்துக்கு வருபவனை யாரும் வாங்க என்று சொல்வதில்லை. ஈரச் சாக்கைத் தள்ளி வைத்தாள், கொண்டையை அவிழ்த்தாள், உள்ளே போய் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அந்த இரண்டு பெண்களும் கேள்வி கேட்காமல் எழுந்து போய் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள். இது மூன்று வருடத்துக்குப் பிறகும் செல்லுபடியாகிற நடைமுறை. யாரும் காலாவதி என்று சொல்லவில்லை.

நான் எதிரே உட்கார்ந்தேன். முதலில் முன்பாதி முழுவதும், ஒரு வரி விடாமல், என் முகத்தைப் பார்த்தே பாடினாள். செல்வி எடுத்தது நாலு அடிதான். இன்னும் நிறைய இருந்தது. அப்பா கடைசி நாட்களில் வாசலில் எந்த வண்டி நின்றாலும் தலையைத் தூக்கினார் என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது. பிறகு மூச்சு வாங்கினாள். எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மிச்ச நாலு அடியைப் பாடினாள். நான் அழுதேன். எழுபது வயதில் ஓர் ஆள் அழும் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

முடிந்ததும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக் கொண்டையைப் போட்டாள். "வாங்கண்ணா. சக்கரை போட்டுக் காப்பி குடிப்பீங்களா, நோவு வந்துருச்சா?" என்றாள்.

சாப்பிட்டபிறகு, போனில் பதிந்துகொள்கிறேன், அந்த நாலு அடியை மறுபடி பாடு என்றேன். "அது ரெண்டாந் தடவை வராதுங்க. சொல்றேன், எழுதிக்குங்க. ஆனா புள்ளைக்கு மட்டும் குடுங்க" என்றாள். ஆகவே அதை நான் இங்கே எழுத முடியாது. இந்தக் கட்டுரை வாசகர்களுக்கு அனுமதி இல்லை.

8

திரும்பி வந்ததும் இரண்டு கடிதம் எழுதினேன். சங்கத்துக்கு: என் ஆட்சேபத்தை முழுமையாக, நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன், பாடலை உடனே விடுவிக்கக் கோருகிறேன். செல்விக்கு: அந்த நாலு அடி மட்டும், ஒரு தாளில். மேலே விளிப்பு எழுதினேன், கீழே 'அப்பா' என்று எழுதினேன். நடுவில் வேறு எதையும் சேர்க்கத் தெரியவில்லை. மன்னிப்புக்கு என்னிடம் மாதிரிப் படிவம் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"படிச்சிருப்பாளா?" என்று கமலத்தைக் கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கறாளே, அதுதானுங்க உங்களுக்கு வேணும்?" என்றாள்.

பிப்ரவரி முழுவதும் சங்கத்தின் பதிலுக்குக் காத்திருந்தேன். பாட்டு விடுபட்டால் அடுத்த பதிப்பில் சேர்ப்பார்கள், வசந்தத்தில் அவளுக்கு எட்டு ஊர்களில் நிகழ்ச்சி இருக்கிறது, அங்கே பாடுவாள், முழுசாகப் பாடுவாள், இந்தத் தடவை இடைவேளைக்குப் பிறகும் உட்கார்ந்திருப்பேன். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன், இரண்டிலும் அறுபது நாள் விதியைக் குறிப்பிட்டு.

பதில் ஒரே பக்கம். என் விலக்கல் கடிதம் பெறப்பட்டது. எனினும், பதிவு செய்தவர் சென்ற ஏப்ரல் பத்தொன்பதாம் தேதியே மேற்படி பாடலைத் தாமாகவே நிரந்தரமாக விலக்கிக்கொண்டுவிட்டார். எனவே அந்தத் தேதிக்குப் பின் முடிவெடுக்கவோ விடுவிக்கவோ எதுவும் இருக்கவில்லை. வாக்குமூலம் கோரியது வேறு பிரிவின் கவனக்குறைவு, வருந்துகிறோம். கூடவே அவளுடைய விலகல் படிவத்தின் நகல். ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பியிருந்தாள். காரணம் என்ற இடத்தில் டச்சு மொழியில் இரண்டே வாக்கியம்: 'இது ஒருவருக்காக எழுதியது. அவருக்கு வேண்டாமாம்.'

என் ஆட்சேபம் அவள் கைக்குப் போய்ச் சேர ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். மறுநாளே விலக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் காத்திருந்தது, வாதாடியது, கடல் தாண்டிப் போய் உட்கார்ந்தது, நினைவூட்டியது எல்லாம், இல்லாத ஒரு பாட்டின் மீது.

கடிதம் வந்தது மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலைத் தபாலில்.